செல்லக்கிளியின் முன்சக்கரம்

கூரியர்க்காரர்களோடு சண்டை போடுவதற்கு ஊரில் ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு எனக்குத்தான். திண்டுக்கல் நாகல் நகரில் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கம் நின்றுகொண்டு, ரொனால்டு என்ற கூரியர்க்காரரை அன்று மாலை போனில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

“டெலிவரி ஆயிருச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு. யார்ட்டங்க குடுத்தீங்க?”

“சின்னாளபட்டில உங்க வீட்லதான் மேடம். ஒரு அம்மா வாங்குனாங்க. கையெழுத்துகூடப் போட்டாங்களே.”

“எங்கம்மாட்ட இப்பத்தான் கேட்டேன். உனக்கு ஒண்ணும் வரலைன்னுட்டாங்க.”

“தட்டையா, பெருசா ஒரு அட்டைப்பெட்டி மேடம். அந்தம்மா பிரிச்சுப் பாத்துட்டுச் சிரிச்சாங்க. வெயில்ல வந்திருக்கியேன்னு எனக்கு மோர்கூடக் குடுத்தாங்க.”

“எங்கம்மா கூரியர்க்காரருக்கு மோர் குடுத்தாங்களா? அப்ப நீங்க வேற யார் வீட்டுலயோ குடுத்திருக்கீங்க” என்று போனை வைத்தேன்.

நியாயமான சந்தேகம்தான். என் அம்மா செல்லக்கிளி, வாசலில் வந்து நிற்பவர் யாராக இருந்தாலும் முதலில் ஒரு முறை முறைப்பாள். அப்புறம்தான் என்ன ஏது என்று கேட்பாள். எனக்கு வந்த கோபமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தெருவில் யாரும் கேட்பதில்லை.

அந்தப் பெட்டியில் இருந்தது என் சைக்கிளின் முன்சக்கரம். சாதாரண சைக்கிள் இல்லை, பி.எம்.எக்ஸ். சின்னச் சக்கரம், தாழ்ந்த சீட்டு, தாவுவதற்கென்றே செய்த வண்டி. திண்டுக்கல்லில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் வெயிலும் மழையும் தின்று கிடந்ததை, வீடு காலி செய்தவர்களிடம் கேட்டு வாங்கி வந்தேன். அன்றிலிருந்து சம்பளம் வாங்கும் மாதமெல்லாம் அதற்கு ஏதாவது ஒரு பாகம். முதலில் ஹேண்டில்பார், பிறகு அதில் போடுகிற ஊதா நிற ரப்பர் கிரிப், பிறகு பெடல், கிராங்க், சின்னப் பல்சக்கரம், பின்சக்கரம், தடித்த டயர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தேன். நகை சேர்க்கிற வயசில் நட்டும் போல்ட்டும் சேர்க்கிறாள் என்று தெருவில் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்கள் நகையை மாட்டிக்கொண்டு தாவ முடியுமா?

மிச்சமிருந்தது முன்சக்கரம் மட்டும்தான். அதுதான் என் கழுத்தை அறுத்தது. ஆத்தூர் போகிற ரோட்டில், தென்னந்தோப்பை ஒட்டி, சைக்கிள் ஓட்டுவதற்கென்று மண்மேடுகள் போட்டு ஒரு மைதானம் இருக்கிறது. அதன் கடைசியில் இருப்பது இரட்டை மேடு. முதல் மேட்டில் ஏறி அப்படியே காற்றில் எழும்பி, நடுவில் இருக்கும் பள்ளத்தைத் தாண்டி, இரண்டாவது மேட்டின் சரிவில் போய் இறங்க வேண்டும். நானும் தாவிப் பார்த்தேன். பள்ளத்துக்குள் விழும்போதெல்லாம் என் பழைய இரும்புச் சக்கரம் பெண்டாகி அப்பளம் மாதிரி வளைந்துகொண்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே போட்டி. பெண்கள் பிரிவில் இரட்டை மேட்டைத் தாண்டுகிற எல்லோரையும் சென்னைப் போட்டிக்கு அனுப்புவதாக அறிவித்திருந்தார்கள். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. எனக்கு அந்த மேட்டைத் தாண்ட வேண்டும். சென்னைக்குப் போக வேண்டும் என்பதுகூட இரண்டாவதுதான். கனவில்கூட அந்தப் பள்ளத்துக்குள்தான் விழுந்துகொண்டிருந்தேன். அதற்காகத்தான் புனேயிலிருந்து அந்தச் சக்கரத்தை வரவழைத்தேன். எடை குறைந்த அலாய் ரிம், தூசி புகாத பேரிங். அதைத்தான் காணோம்.

பஸ் பிடித்துச் சின்னாளபட்டிக்கு வந்து இறங்கி, யாரைப் பிடித்துக் கத்தலாம் என்று யோசித்தபடியே எங்கள் தெருவுக்குள் நுழைந்தேன். பக்கத்து வீட்டு மாயம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர், வாளியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏத்தா கௌசல்யா, பெத்தா உன்னைய மாதிரி ஒண்ணு பெக்கணும். எனக்கும் ரெண்டு இருக்குதுகளே, என்ன பிரயோசனம்?”

மாயம்மாள் என்னைத் திட்டிக் கேட்டிருக்கிறேன், புகழ்ந்து கேட்டதில்லை. “எதுக்குங்கத்தை?” என்றேன்.

“ஒண்ணும் தெரியாதவ மாதிரி கேக்குறா பாரு” என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

அப்போதுதான் கவனித்தேன். எங்கள் வீட்டிலிருந்து தறிச் சத்தம் கேட்டது. ஆனால் அதோடு சேர்ந்து எப்போதும் கேட்கும் கீச் கீச் சத்தம் கேட்கவில்லை. அது அம்மாவின் ராட்டை. அப்பா பொன்னுச்சாமி தறியில் உட்கார்ந்து சேலை நெய்வார். தறியில் குறுக்கே ஓடி ஊடு நூல் போடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சிகளில் அம்மா நூல் சுற்றிக் கொடுப்பாள். அதற்குத்தான் ராட்டை. நூல் சுற்றிய குச்சிக்குத் தார் என்று பேர். தார் தீர்ந்தால் தறி நின்றுவிடும். எங்கள் தெருவில் எல்லா ராட்டையும் பழைய சைக்கிள் சக்கரத்தில் செய்ததுதான். டயரைக் கழற்றிவிட்டு ரிம்மில் கயிறு ஓட்டி, கம்பிகளுக்கு நடுவே ஒரு கட்டையைக் கட்டி அதில் கைப்பிடி வைத்திருப்பார்கள். எங்கள் ராட்டைச் சக்கரம் கிழடு தட்டிப்போய்ப் பல கம்பிகள் இல்லாமல், நான் பிறந்த நாளிலிருந்து கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். ராட்டையில் கறுப்பு நிறத்தில் மினுமினுத்தபடி, சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது என் முன்சக்கரம்.

“வாத்தா, வா வா” என்றாள் அம்மா. அவள் முகம் அப்படிப் பூரித்திருந்து நான் பார்த்தே ரொம்ப நாளாகிவிட்டது. “பெட்டியைப் பிரிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. போன்ல வேற, எனக்குப் பார்சல் வந்துச்சான்னு ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குறே. நானும் விடலையே, உனக்கு ஒண்ணும் வரலைன்னுட்டேன்ல? செத்த இங்க வா. ஒத்த விரலால தள்ளிப் பாரு.”

“நாந்தான் மாட்டிக் குடுத்தேன்” என்றார் அப்பா தறிக்குள்ளிருந்து. “அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உக்காந்துக்கிச்சு. பழசைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாச்சு.”

எல்லாம் விளங்கிவிட்டது. எப்போதும் சைக்கிள் கடையிலேயே கிடக்கிறாயே, என் ராட்டைக்கு ஒரு நல்ல வீலு வாங்கிக் கொடுடி என்று அம்மா கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். நானும் போனைப் பார்த்துக்கொண்டே, வாங்கித் தாரேன், வாங்கித் தாரேன் என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். என் பேருக்கு ஒரு சக்கரம் வந்ததும் அவள் வேறு என்னதான் நினைப்பாள்?

இதையெல்லாம் பொறுமையாக யோசித்துப் பேசியிருக்கலாம். பொறுமை என்பது எங்கள் வீட்டு ரேசன் கார்டிலேயே கிடையாது.

“அம்மா, அது என் சைக்கிள் வீலு!” என்று கத்தினேன்.

தறி நின்றது. அம்மாவின் கையும் நின்றது. சக்கரம் மட்டும் நிற்காமல் தன் பாட்டுக்குச் சுற்றியது, அவ்வளவு நல்ல பேரிங்.

“என்னடி சொல்றே?”

“என் சைக்கிளுக்கு வாங்குனது. ஞாயித்துக்கிழமை போட்டிக்கு. உனக்கு வாங்கலை.”

அம்மாவின் முகம் சட்டென்று விழுந்தது. ஐயோ என்றிருந்தது எனக்கு. ஆனால் செல்லக்கிளி லேசுப்பட்டவள் இல்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அதெப்படி? எம்மவ எனக்கு வாங்கிக் குடுத்தான்னு தெருப் பூராச் சொல்லிட்டேன்.”

“நீயாச் சொல்லிக்கிட்டா நான் என்ன பண்றது?”

“மாயம்மாட்டச் சொல்லியிருக்கேன். அவகிட்டச் சொன்னா மைக் வச்சுச் சொன்ன மாதிரி. இனிமே மாத்த முடியாது. வீலு என்னுது.”

“அப்பா, நீங்களாச்சும் சொல்லுங்கப்பா.”

அப்பா தறியை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். எங்கள் சண்டைக்கு நடுவில் வந்து மாட்டிக்கொள்ள அவருக்குப் பைத்தியமா?

நான் ஸ்பேனரை எடுத்து வந்து ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்தேன். நட்டில் வைத்துத் திருகப் போனேன். அம்மா தடுக்கவில்லை. தோளைத் தடவிக்கொண்டே, சண்டைக் குரல் இல்லாத சாதாரணக் குரலில் சொன்னாள்.

“காலையிலேருந்து சுத்துறேன், தோள்பட்டை வலிக்கவே இல்லைடி. நெசமாவே வலிக்கலை.”

ராத்திரி ராத்திரி அவள் தைலம் தேய்த்துக்கொண்டு முனகுவது எனக்குத் தெரியும். ஸ்பேனரைப் பிடித்த கை அப்படியே இறங்கிவிட்டது. கோபம் போனபாடில்லை, ஆனால் கழற்றவும் மனசு வரவில்லை. எழுந்து போய்ச் சோற்றைப் போட்டுத் தின்றேன்.

மறுநாள் மஹ்ஜபீனிடம் போய் ஒப்பாரி வைத்தேன். அவளுடைய அத்தாவின் சைக்கிள் கடை எங்கள் கண்ணாடிக் கடைக்கு இரண்டு கடை தள்ளி. கல்லாவில் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள், கையெல்லாம் கிரீஸோடு தரையில்தான் உட்கார்ந்திருப்பாள். என் சைக்கிளின் ஒவ்வொரு பாகத்தையும் நானும் அவளும் சேர்ந்துதான் பூட்டினோம். கதையைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ராட்டைக்குப் போய் புனே வீலா? உங்கம்மா ராட்டைதான்டி இப்ப தமிழ்நாட்டுலயே காஸ்ட்லி ராட்டை.”

“சிரிக்காதடி, எரியுது. ஏதாவது வழி சொல்லு.”

“இதுல என்ன வழி? அம்மாக்கு வேண்டியது பேரிங்தான. எங்கிட்ட அதே மாதிரி நல்ல பேரிங் போட்ட ஹப் ஒண்ணு இருக்கு. உன் வண்டி சைஸுலயே ரிம்மும் இருக்கு. நடுவுல ஹப்பு, சுத்தி ரிம்மு, ரெண்டையும் கம்பியால கோத்து அம்மாக்கு ஒரு வீலு செஞ்சு தாரேன். உன் வீலை நீ எடுத்துக்க. நான் கோக்காத வீலா? சனிக்கிழமை மத்தியானம் வந்து வாங்கிட்டுப் போ.”

மஹ்ஜபீன் வாய்ச்சவடால் விடுவாள், ஆனால் வேலைக்காரி. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்று இரவு அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன்கூட. அவள் சந்தேகமாகப் பார்த்துவிட்டு ராட்டைக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள், காவலுக்கு.

சனிக்கிழமை மதியம் ஓடிப்போய் நின்றேன். மஹ்ஜபீன் தரையில் கம்பிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“ஹப்புல கம்பி மாட்டுறதுக்கு முப்பத்தாறு ஓட்டை. ரிம்முல முப்பத்திரெண்டு” என்றாள்.

“எண்ணிப் பாக்க மாட்டியாடி?”

“எவ எண்ணுவா? பாத்தா ஒண்ணு மாதிரியேதான இருக்கு. வேற ரிம்மு மதுரையிலேருந்து வரணும். திங்களோ செவ்வாயோ வந்துரும்.”

“போட்டி நாளைக்கு.”

“தெரியும்.”

அவளைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். அவள் முகத்தில் என்னைவிட அதிகமான வருத்தம் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். மூடியது அவளுக்கே ஆச்சரியம். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பழைய இரும்புச் சக்கரத்தைப் பெண்டு எடுத்து இறுக்கிக் கொடுத்தாள். ஒரு தடவை தாங்கும், இரண்டாவது தடவைக்கு உத்தரவாதம் இல்லை என்றாள்.

சரி, பழைய சக்கரத்திலேயே போவது என்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அந்த மேடு எங்கே போய்விடப்போகிறது, அடுத்த வருசம் தாண்டிக்கொள்ளலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நானே நம்பவில்லை. பஸ்ஸில் கண் கலங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பிச் சிறுமலையைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டில் அம்மா ராட்டையில் இருந்தாள். நான் காலையில் கிளம்பும்போது எப்படி உட்கார்ந்திருந்தாளோ அப்படியே.

“சோறு மட்டும்தான் வடிச்சிருக்கேன். வெஞ்சனம் வேணும்னா கடையில வாங்கிக்க” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

அவளுக்குப் பக்கத்தில் இருந்த கூடை நிரம்பி வழிந்தது. அரக்கும் மஞ்சளுமாகத் தார்கள். கூடை போதாமல் ஒரு குண்டானிலும் போட்டு வைத்திருந்தாள். வழக்கமாக அப்பாவுக்கு வேண்டிய அளவுதான் சுற்றுவாள், தறி ஓட ஓட ராட்டையும் ஓடும்.

“எதுக்கு இம்புட்டு?” என்று அப்பாவைக் கேட்டேன்.

“நாளைக்குத் தறிக்கு” என்றார் அப்பா.

“நாளைக்குச் சுத்த வேண்டியதுதான? இன்னைக்கே எதுக்கு?”

அம்மா நூலை அறுத்து, சுற்றிய தாரைக் குண்டானில் போட்டாள். “நாளைக்கு ராட்டையில வீலு இருக்காதுல்ல” என்றாள்.

என்னோடு மல்லுக்கு நின்றுகொண்டே, வீலு என்னுது என்று அடம்பிடித்துக்கொண்டே, எனக்காக ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சுற்றியிருக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் அதெல்லாம் பழக்கமில்லை. “சீ, நூலு சிக்கு விழுகும், தள்ளு” என்றாள். தள்ளத்தான் இல்லை.

“கடனாத்தான் தாரேன்” என்றாள் பிறகு. “சாயங்காலம் திரும்பி வந்துரணும். வீலு எங்கூடத்தான் வரும், எங்கூடத்தான் போகும். ஒரு கீறல் விழுந்துச்சு, உன் தோலை உரிச்சு அந்த எடத்துல ஒட்டிப்புடுவேன்.”

“நீயும் வாரியா?”

“வராம? உன்னைய நம்பி அதை எப்படி விடுறது?”

நான் சைக்கிள் ஓட்டி அம்மா பார்த்ததே இல்லை. மண்ணில் விழுகிற விளையாட்டு, அதைப் போய் வேறு பார்க்கணுமா என்பாள். மறுநாள் காலையில் தலைக்குப் பூ வைத்து, நல்ல சுங்குடிச் சேலை கட்டி, சக்கரத்தைப் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். நான் முன்சக்கரம் இல்லாத சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

மைதானத்தில் மஹ்ஜபீன் காத்திருந்தாள். டயரை மாட்டி, காற்றடித்து, முன்னால் பூட்டினாள். அம்மா பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்து, “மெதுவாத்தா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து சைக்கிளைச் சுற்றி வந்து, இது என்ன, அது என்ன என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஊதா கிரிப்பைப் பிடித்தவள் விடவே இல்லை.

“ரப்பரு மெத்து மெத்துனு இருக்கே. கைக்கு உறுத்தாது போல.”

“அம்மா, அதைப் பாக்காதே” என்றேன்.

என் பேரைக் கூப்பிட்டார்கள். நான் மேலே ஏறி நின்றேன். கீழே வரிசையாக மேடுகள், கடைசியில் அந்த இரட்டை மேடு. முதல் வாய்ப்பில் வேகமாகத்தான் வந்தேன். ஆனால் விளிம்புக்கு வந்ததும் பயந்துபோய்ப் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். தாவாமல் அப்படியே பள்ளத்துக்குள் உருண்டு போய் நின்றேன். எனக்கு முன்னால் வந்த இரண்டு பெண்களும் தாண்டிவிட்டிருந்தார்கள். அவமானமாக இருந்தது.

இரண்டாவது முறை பிரேக்கைத் தொடவில்லை. காற்றில் எழும்பிவிட்டேன், ஆனால் வேகம் போதவில்லை. முன்சக்கரம் இரண்டாவது மேட்டின் விளிம்பில் மோதியது. சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்கை தேய்ந்து மண்ணில் மல்லாந்து கிடந்தேன். கூட்டத்தில் ஐயோ என்று சத்தம். கயிற்றைத் தாண்டிக்கொண்டு அம்மா ஓடி வந்தாள். கையை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

போய், சைக்கிளைத் தூக்கி, முன்சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பார்த்தாள். “சுத்துது!” என்று மைதானத்துக்கே கேட்கிற மாதிரி அறிவித்தாள். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். “உனக்கு என்னடி? எந்திரி.”

மொத்தக் கூட்டமும் சிரித்தது. மைக் பிடித்திருந்தவர் அறிவிக்க முடியாமல் சிரித்தார். எனக்கும் மண்ணில் கிடந்தபடியே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்தபோது அந்தப் பயத்தைக் காணோம். எங்கே போனது என்று தெரியவில்லை, சிரித்ததில் கொட்டிப்போயிருக்க வேண்டும்.

மஹ்ஜபீன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் காதோடு சொன்னாள். “ரிம்முல லேசா ஒரு நெளிசல். ஓட்டத்துக்கு ஒண்ணும் பண்ணாது. அம்மாட்டச் சொல்லாத.”

மூன்றாவது முறை. மேலே நின்று பார்த்தபோது அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு இரட்டை மேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். பெடலை மிதித்தேன். முதல் மேடு, அடுத்தது, அடுத்தது. ஒவ்வொரு மேட்டிலும் வேகம் கூடியது. விளிம்பு வந்தது. ஹேண்டில்பாரை இழுத்தேன், மண் கீழே போய்விட்டது. எனக்கு முன்னால் அந்தக் கறுப்புச் சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பள்ளம் கீழே கடந்து போனதைப் பார்த்தேன். கனவில் நான் விழுந்துகொண்டே இருந்த அதே பள்ளம். பின்சக்கரம் சரிவில் தொட்டது, முன்சக்கரம் தொட்டது, வண்டி தன் பாட்டுக்கு ஓடியது.

தாண்டிவிட்டேன்! வாய்விட்டுக் கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியாது. நின்று திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மா வந்து மோதினாள். இந்த முறை சக்கரத்தை அவள் பார்க்கவே இல்லை. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம், “எம்மவ! இது எம்மவ!” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர். என் கண்ணிலும்தான். மஹ்ஜபீன் எங்கள் இருவரையும் சுற்றிச் சுற்றி வந்து குதித்தாள்.

சாயங்காலம் நானே டயரைக் கழற்றி, சக்கரத்தைக் கழுவித் துடைத்து, ராட்டையில் பூட்டி, கட்டையை வைத்துக் கைப்பிடியைக் கட்டிக் கொடுத்தேன். வாக்கு என்றால் வாக்கு. அம்மா உட்கார்ந்து சுற்றினாள். சுற்றுக்கு ஒரு தடவை டிக் என்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது. நெளிந்த இடத்தில் கயிறு ஏறி இறங்குகிற சத்தம். அவள் நிறுத்தினாள். குனிந்து பார்த்தாள். என் தோலை எந்த இடத்தில் உரிக்கப் போகிறாள் என்று நான் கதவோரமாகப் போய் நின்றுகொண்டேன். அவள் மறுபடியும் சுற்ற ஆரம்பித்தாள்.

மதுரையிலிருந்து ரிம் வந்ததும் மஹ்ஜபீன், இந்தத் தடவை ஓட்டையை எண்ணிப் பார்த்து, புதுச் சக்கரத்தைக் கோத்து வீட்டுக்கே எடுத்து வந்தாள். வந்தவள் ராட்டையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்று சிரித்தாள். கைப்பிடியில் ஊதா நிற ரப்பர் கிரிப் ஒன்று மாட்டியிருந்தது. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நடந்த திருட்டு. கேட்டதற்கு, உனக்குத்தான் இன்னொரு கை இருக்கே என்றாள் அம்மா.

“அம்மா, உங்களுக்குப் புது வீலு கொண்டாந்திருக்கேன். இதைக் குடுங்க, கௌசல்யா சென்னைக்குப் போகணும்ல” என்றாள் மஹ்ஜபீன்.

“அந்தப் புதுசை அவ வண்டியில மாட்டித்தா. இது என்னுது.”

“இதுல நெளிசல் இருக்கும்மா. டிக்கு டிக்குனு சத்தம் வருது பாருங்க. செத்த நேரம் குடுங்க, தட்டிச் சரி பண்ணித் தாரேன்.”

அம்மா சக்கரத்தின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

“யாரும் அதுல கை வைக்காதீக. வரட்டும் சத்தம். எம்மவ விழுந்து எந்திரிச்சுத் தாண்டுனால்ல, அந்தச் சத்தம்” என்றாள்.

சொல்லிவிட்டு நூலைப் பிடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தாள். நானும் மஹ்ஜபீனும் வாசலில் உட்கார்ந்து, ஒற்றைக் கிரிப்போடு நின்ற என் சைக்கிளில் புதுச் சக்கரத்தைப் பூட்டினோம்.